கிளினிக் கொப்பிக்குள் போகாத மென்பொருள் எதற்கு?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் தனியார் டிஸ்பென்சரி நடத்தும் டாக்டர்களிடம் மென்பொருள் விற்பவர்கள் இப்போது அடிக்கடி வந்து போகிறார்கள். மேசையில் லேப்டொப்பைத் திறந்து ஒரு மாதிரி நோயாளியைக் காட்டுவார்கள். அவருக்கு அடையாள அட்டை இலக்கம் இருக்கும், வீட்டு இலக்கம் இருக்கும், மின்னஞ்சல்கூட இருக்கும். பழைய இரத்தப் பரிசோதனையெல்லாம் வரைபடமாக ஏறி இறங்கும். அந்த நேரம் கரண்ட் இருக்கும், சிக்னல் இருக்கும், வெளி வாங்கில் அறுபது பேர் இருமிக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். அந்த அரை மணித்தியாலத்தை வைத்து ஒரு இலத்திரனியல் மருத்துவப் பதிவை, அதாவது ஈஎம்ஆரை, எடைபோட்டால் ஏமாறத்தான் வேண்டும்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது, இந்தப் பதிவு யாருக்குப் பயன்படப் போகிறது என்பதைத்தான். மலையகத்தில் நாட்பட்ட வருத்தம் உள்ள ஒருவர் ஒரே டாக்டரின் நோயாளியாக இருப்பது அபூர்வம். சின்ன வருத்தத்துக்குத் தோட்டத்து மருந்தகத்தில் ஈ.எம்.ஏ. எனப்படும் மருத்துவ உதவியாளரைப் பார்ப்பார். சீனிக்கும் பிரசருக்கும் டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக் திகதி வைத்திருப்பார். அங்கே மருந்து முடிந்துபோனாலோ, இடையில் காய்ச்சல் வந்தாலோ டவுன் டாக்டரிடம் வருவார். பெரிய பிரச்சினை என்றால் கண்டிக்குப் போவார். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது கூட்டிப் போய் அங்கே ஒரு விசேட நிபுணரிடம் சனல் பண்ணிக் காட்டுவான்.

இந்த நாலைந்து இடங்களுக்கும் இடையில் ஓடும் ஒரே பாலம், ஷொப்பிங் பேக்கில் சுற்றி அந்த நோயாளி கையோடு கொண்டுவரும் கிளினிக் கொப்பி. அதற்குள்ளேயே டயக்னோசிஸ் கார்ட், ரிப்போர்ட் துண்டுகள், சில நேரம் ஈசிஜி தாள் எல்லாம் மடித்து வைக்கப்பட்டிருக்கும். டாக்டரின் கணினிக்குள் எவ்வளவு நேர்த்தியான பதிவு இருந்தாலும், அதில் முக்கியமான நாலு வரி இந்தக் கொப்பிக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த இடத்தில் அது இல்லாத பதிவுதான். ஆகவே மலையகத்தில் ஒரு ஈஎம்ஆருக்கு முதல் மதிப்பெண் திரைக்கு அல்ல, அதிலிருந்து வெளியே வரும் தாளுக்குப் போட வேண்டும் என்பது என் கட்சி.

அரசாங்கப் பக்கம் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. எச்.எச்.ஐ.எம்.எஸ். என்ற வைத்தியசாலை முகாமைத்துவ மென்பொருள் பல ஆஸ்பத்திரிகளில் போடப்பட்டிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனிநபர் சுகாதார இலக்கம் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. அந்த இலக்கம் கொப்பியில் இருந்தால் அதைப் பதிந்து வைக்க உங்கள் மென்பொருளில் ஒரு இடம் வேண்டும். ஆனால் "நாளைக்கே ஆஸ்பத்திரியோடு இணைந்துவிடும்" என்று விற்பனையாளர் சொன்னால் அதற்காக இன்று காசு கட்டத் தேவையில்லை. எப்.எச்.ஐ.ஆர். என்ற தரவுப் பரிமாற்றத் தரத்தில் பதிவை வெளியே கொடுக்குமா என்று மட்டும் கேட்டு வையுங்கள். ஆம் என்றால் நல்லது. முழித்தால், அதுவும் ஒரு தகவல்தான்.

சந்தையில் உள்ள பல மென்பொருட்களின் உடம்பில் அமெரிக்க இரத்தம் ஓடுகிறது. 2009இல் அங்கே வந்த ஹைடெக் சட்டம், ஈஎம்ஆர் பயன்படுத்தும் டாக்டர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. அதோடு நிபந்தனைகளும் வந்தன. காப்புறுதி நிறுவனத்துக்குப் பில் அனுப்பும் தேவை ஏற்கெனவே இருந்தது. இரண்டும் சேர்ந்து திரையைக் கட்டங்களால் நிரப்பின. 2016இல் அங்கே வெளியான ஓர் ஆய்வில், நோயாளியை நேரில் பார்க்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தை டாக்டர்கள் கணினியிலும் மேசை வேலையிலும் செலவழிப்பது தெரியவந்தது. நம் டவுனில் காப்புறுதிப் பில் கிடையாது. கைக்காசு, அல்லது சம்பளம் வந்ததும் தருகிறேன் என்ற கடன். அந்தக் கட்டங்களை எல்லாம் மறைத்துவைக்க முடியாத மென்பொருள் என்றால், வேறொரு நாட்டின் பில்லிங் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்துகொண்டிருப்பீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் லீவு, சனம் டவுனுக்கு இறங்கும். பத்தாம் திகதிச் சம்பளம் முடிந்த ஞாயிறு என்றால் இன்னும் கூட்டம். ஒரு நோயாளிக்குத் திரையில் ஒன்றரை நிமிடம் கூடுதலாகப் போனால் அறுபது பேருக்கு ஒன்றரை மணித்தியாலம். கடைசியாக இருப்பவருக்கு பஸ் போய்விடும். ஆகவே சோதித்துப் பார்ப்பதானால் அந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சோதிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் எந்த மென்பொருளும் வேகமாகத்தான் ஓடும்.

முதல் சிக்கல் நோயாளியைக் கண்டுபிடிப்பதிலேயே ஆரம்பிக்கும். ஹட்டன் பக்கம் ஒரு டிஸ்பென்சரியின் முன் மேசையில் நான் கேட்ட பேச்சு இது.

"பேரு என்ன அம்மா?"

"லெட்சுமி."

"எந்த லெட்சுமி? போன் நம்பர் சொல்லுங்க."

"போன் மகன்கிட்ட இருக்கு தங்கச்சி. நம்பர் மாத்திட்டான்."

"ஐடி இருக்கா?"

"வீட்டுல இருக்கு. போன மாசம் வந்தேனே, வெள்ள மாத்திர குடுத்தீங்க, ஞாபகமில்லியா?"

திரையில் பதினைந்து லெட்சுமிகள். ஆங்கிலத்தில் அவர்கள் பெயரை அந்தந்த நாள் மேசையில் இருந்த பிள்ளை கேட்டபடி எழுதியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, கிளினிக் கொப்பியில் சிங்கள எழுத்தில் இன்னொன்று. தகப்பன் பெயரின் முதலெழுத்து சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். வீட்டு முகவரி கேட்டுப் பயனில்லை. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதமெல்லாம் தோட்டத்துக் காரியாலயத்துக்கே வந்துகொண்டிருந்த சமூகம் இது. கடைசியில் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விதான் வேலை செய்தது: "எந்தத் தோட்டம், எந்த டிவிசன்?"

ஆகவே ஒரு மென்பொருளில் தோட்டம், டிவிசன், லயம் என்று தனித்தனிக் கட்டம் போட்டு அதிலும் தேட முடியுமா என்று பாருங்கள். எழுத்து பிசகினாலும் ஒலியை வைத்துப் பெயரைத் தேடுகிறதா என்று பாருங்கள். அடையாள அட்டை இருந்தால் அதை முழுமையாகப் பயன்படுத்துகிறதா என்பதும் நல்ல பரீட்சை. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும், 2016க்குப் பிறகு வந்ததில் 12 இலக்கம். அந்த எண்ணுக்குள்ளேயே பிறந்த ஆண்டும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன, பெண் என்றால் நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். உள்ளூர் நிலைமை தெரிந்து எழுதிய மென்பொருள் இலக்கத்தை அடித்ததும் வயதையும் பாலினத்தையும் தானே நிரப்பும். அதே ஆளின் பழைய இலக்கமும் புதிய இலக்கமும் ஒன்றுதான் என்றும் அதற்குத் தெரிய வேண்டும். பிள்ளைகளுக்கு அட்டையே இல்லை, அவர்களைத் தாயின் பதிவோடு கோக்க ஒரு வழி வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு விழுந்துவிட்டால் இணைக்கும் வசதி கட்டாயம். அது விழாமல் இருக்காது.

அடுத்தது மருந்து. வெளிநாட்டு மென்பொருளில் டாக்டர் மருந்துச் சீட்டை எழுதியதும் வேலை முடிந்தது, மற்றது பார்மசியின் பாடு. இங்கே டாக்டரே மருந்தும் கொடுக்கிறார். உள் அறையில் எழுதியதைப் பார்த்து, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளை பெரிய போத்தலிலிருந்து மாத்திரையை எண்ணிச் சின்னக் கடதாசி உறையில் போட்டுக் கொடுக்கிறது. எனவே கையிருப்பை மாத்திரைக் கணக்கில் கழிக்க வேண்டும், பெட்டிக் கணக்கில் கழித்தால் மாசக் கடைசியில் எதுவும் பொருந்தாது. காலாவதித் திகதியும் தொகுதி இலக்கமும் வேண்டும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒரு பெயரில் இருந்த மருந்து அடுத்த மாதம் வேறு கம்பனிப் பெயரில் வந்தது. வியாபாரப் பெயரில் மட்டும் பதிந்திருந்த இடங்களில் ஒரே மருந்து பட்டியலில் இரண்டு மருந்துபோல நின்றிருக்கும். மூலப் பெயரில் பதிந்து, அதன் கீழ் கம்பனிப் பெயர் வரும்படி உள்ளதையே எடுங்கள்.

மருந்துத் திரையை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பது அலங்கார விஷயமில்லை. 2005இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கணினி மருந்துக் கட்டளை முறை 22 வகையான தவறுகளுக்கு வழிவிட்டதைக் காட்டியது. ஒரு நோயாளியின் மருந்துகள் பல திரைகளில் சிதறிக் கிடந்தது அதில் ஒன்று. நம் அளவில் சோதிப்பது லேசு: சீனி, பிரசர், கொழுப்பு என்று ஆறு மருந்து எடுக்கும் ஒருவரின் பதிவைத் திறந்து, உருட்டாமல் ஆறும் ஒரே பார்வையில் தெரிகிறதா என்று பாருங்கள். போன தடவை எழுதியதை ஒரே சொடுக்கில் திரும்பப் போடும் வசதி நேரத்தை மிச்சம் பிடிக்கும், ஆபத்தும் அதில்தான். நிறுத்திய மருந்தும் சேர்ந்து மாதாமாதம் திரும்பி வரும். அப்படிப் போடும்போது ஒவ்வொரு வரியையும் உறுதிப்படுத்தக் கேட்கும் மென்பொருள் கொஞ்சம் தொந்தரவாக இருக்கும். இருக்கட்டும்.

ஒவ்வாமைக் கட்டம் திரையின் மேலேயே சிவப்பில் தெரிய வேண்டும். பெனிசிலின் மட்டுமில்லை. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி உயிர் போவது இங்கே வருடாவருடம் கேள்விப்படும் விஷயம். ஒருவருக்கு முன்பு குளவி கொட்டி மூச்சு முட்டியிருந்தால், அது மருந்துப் பட்டியலுக்குள் வராத ஒவ்வாமை. அதைக் கையால் எழுதிச் சேர்க்க முடியாத மென்பொருட்கள் உண்டு, ஏனென்றால் அவற்றின் கட்டம் மருந்துப் பெயர்களை மட்டுமே ஏற்கும்.

உறையில் ஒட்டும் லேபல் தமிழில் வருமா என்று கேட்டால் எல்லோரும் வரும் என்பார்கள். அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள். இலங்கையில் பாமினி எழுத்துரு இன்னும் சாகவில்லை. அதில் அடித்த தமிழ், எழுத்துரு இல்லாத கணினியில் குப்பை எழுத்தாகத் தெரியும், தேடவும் வராது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறையில் இருந்தால்தான் நாளைக்கு வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். சில சின்ன லேபல் பிரின்டர்கள் யூனிகோட் தமிழைக் கொடுத்தால் வெறும் கட்டம் கட்டமாக அடிக்கும், அல்லது கொம்பை இடம் மாற்றிப் போடும். "காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்" என்ற ஒரு வரி சரியாக விழுகிறதா என்று பார்த்தால் போதும். சிங்களத்திலும் அதே வரி வேண்டும், டவுனில் இரண்டு சனமும் வரும்.

இனி அந்தத் தாள். ஒவ்வொரு வருகைக்கும் முடிவில், கொப்பிப் பக்கத்தின் பாதி அளவில் ஒரு சுருக்கம் வர வேண்டும்: திகதி, என்ன வருத்தம், பிரசர் அளவு, சீனி அளவு, கொடுத்த மருந்தின் மூலப் பெயரும் அளவும், அடுத்து எப்போது வர வேண்டும். அடுத்த டாக்டர் வாசிக்க ஆங்கிலத்தில், நோயாளி வாசிக்கக் கீழே ஒரு வரி தமிழில். அமெரிக்க மென்பொருட்கள் இதற்கு மூன்று பக்கம் அடிக்கும். அந்த மூன்று பக்கத்தை எவரும் கொப்பியில் ஒட்ட மாட்டார்கள். இன்னொன்று, தெர்மல் பிரின்டரில் அடித்த எழுத்து வெயிலிலும் சூட்டிலும் சில மாதத்தில் மங்கிப் போகும். மருந்து உறைக்கு அது பரவாயில்லை, ஒரு வாரக் கதை. கொப்பிக்கு மையில் அல்லது டோனரில் அடித்த தாள் வேண்டும். லேசர் பிரின்டரைச் சின்ன யூ.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள், சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரத்தில் யூ.பி.எஸ். விழுந்துவிடும், கணினியும் சேர்ந்து அணையும்.

கரண்ட் பற்றி மலையகத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அது இல்லாத காலத்திலும் மே மாதத்திலிருந்து காற்றோடு மழை பிடித்தால் மரம் விழும், கம்பி அறும். அப்புறம் ஐப்பசி இடி. எனவே மென்பொருள் முழுக்க முழுக்க இணையத்தில் இருந்தால் சிக்னல் போன நிமிடமே டிஸ்பென்சரி நின்றுவிடும். டிஸ்பென்சரிக்குள்ளேயே ஒரு சின்னக் கணினியில் தரவு இருந்து, மற்ற மேசைகள் வைஃபையில் அதோடு பேசி, இணையம் கிடைக்கும்போது மட்டும் வெளியே ஒரு பிரதி போகும் அமைப்பே இங்கே பொருந்தும். லேப்டொப்பும் ரவுட்டரும் மட்டும் என்றால் ஒரு நடுத்தர பட்டரியே பல மணித்தியாலம் தாங்கும்.

அந்த வெளிப் பிரதி கட்டாயம். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கமெல்லாம் மண்சரிவு. வீதி போனது, தொடர்பும் போனது. கணினியும் பிரதி எடுத்த ஹார்ட் டிஸ்கும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் போகும். பிரதி எடுப்பதோடு வேலை முடியாது. வாங்குமுன், வேறொரு கணினியில் அந்தப் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். இந்தக் கட்டத்தில் சில விற்பனையாளர்களுக்கு அவசர போன் வரும்.

விலையில் இரண்டு பொறி. ஒன்று டொலரில் மாதச் சந்தா. 2022இன் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. நோயாளியிடம் வாங்கும் காசு அந்த வேகத்தில் ஏறாது. ரூபாயில் ஒப்பந்தம் எழுதாத இடத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மற்றது இலவசம். அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய பிரக்டிஸ் ஃபியூஷன் என்ற நிறுவனம், விளம்பர வருமானத்தை நம்பி டாக்டர்களுக்கு ஈஎம்ஆரை இலவசமாகக் கொடுத்தது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். பிறகு, ஓபியாய்ட் வலிமருந்து விற்கும் ஒரு கம்பனியிடம் காசு வாங்கிக்கொண்டு, டாக்டரை அந்த மருந்துப் பக்கம் தள்ளும் விதமாகத் திரையில் எச்சரிக்கை வரச் செய்தது வெளியே வந்தது. 2020 ஜனவரியில் 14.5 கோடி டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. நம் டவுனில் மருந்துக் கம்பனி ஒன்று இலவச மென்பொருள் தருவதாகச் சொன்னால் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொண்டு பேசுங்கள்.

திறந்த மூல மென்பொருள் வேறு சங்கதி. ஓபன்இஎம்ஆர், கென்யாவில் வேரூன்றிய ஓபன்எம்ஆர்எஸ், அதன் மேல் ஆஸ்பத்திரிகளுக்காகக் கட்டிய பாம்னி ஆகியவற்றை யாரும் பதிவிறக்கலாம். உரிமக் கட்டணம் இல்லை, ஆனால் போட்டுக் கொடுக்கவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் கொழும்பில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போனை எடுப்பாரா? என் பார்வையில், சாமர்த்தியமான மென்பொருளை விட ஹட்டனிலோ கண்டியிலோ இருக்கும் ஒரு திருத்துநர் பெரிய சொத்து. ஒரு டாக்டர் மட்டும் உள்ள இடத்துக்கு பாம்னி பெரிய சட்டை. ஓபன்இஎம்ஆர் பொருந்தும், அமெரிக்கப் பில்லிங் பகுதிகளை மறைத்து, அளவுகளை மெட்ரிக்குக்கு மாற்றினால்.

அளவு மாற்றுவதை லேசாக எடுக்கக் கூடாது. இங்கே ஆய்வுகூடங்கள் சீனியை மில்லிகிராமில் கொடுக்கின்றன. பிரிட்டிஷ் பாணி மென்பொருள் மில்லிமோலில் எதிர்பார்க்கும். வெறும் வயிற்றில் 126 என்பதும் 7 என்பதும் ஒன்றே. கட்டத்தின் பக்கத்தில் அலகு எழுதியிருக்காவிட்டால் என்றைக்கோ ஒருநாள் குழப்பம் வரும். அமெரிக்கத் திகதி முறையில் மாதம் முன்னால் வரும், அப்படியே விட்டால் ஏப்ரல் 5 வர வேண்டியவர் மே 4 வந்து நிற்பார். டெங்கு, எலிக்காய்ச்சல் மாதிரி அறிவிக்க வேண்டிய நோய் என்று பதிந்ததும் எச் 544 படிவத்தை மென்பொருளே நிரப்பித் தரும்படி செய்ய உள்ளூர் நிறுவனத்திடம் கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டிய அந்தப் படிவம் கூட்டம் நிறைந்த டிஸ்பென்சரியில் நேரமில்லாமல் தவறிவிடக்கூடும்.

இரகசியம் பற்றி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாக வைத்திருக்கிறது. அமுலாக்கம் தள்ளிப் போனாலும் திசை தெளிவு. ஆனால் தோட்டப் பகுதியில் ஆபத்து சட்டப் புத்தகத்தை விடக் கிட்டவே இருக்கிறது. முன் மேசையில் இருக்கும் பிள்ளை பெரும்பாலும் பக்கத்துத் தோட்டம். கர்ப்பம், மனநலம், சாகவென்று மருந்து குடித்த கதை எல்லாம் திரையில் அந்தப் பிள்ளைக்கும் தெரிந்தால், பின்னேரத்துக்குள் லயம் முழுக்கத் தெரியும். பெயரும் நம்பரும் மட்டும் தெரியும் கணக்கு ஒன்று, மருந்து மட்டும் தெரியும் கணக்கு ஒன்று, முழுவதும் தெரிவது டாக்டருக்கு மட்டும் என்று பிரிக்க வேண்டும். யார் எப்போது எந்தப் பதிவைத் திறந்தார்கள் என்ற குறிப்பும் வேண்டும். சுகயீன லீவுக்குக் கொடுத்த மெடிக்கல் உண்மையா என்று தோட்டத்திலிருந்து போன் வந்தால், சான்றிதழ் கொடுத்தோம் என்பதற்கு மேல் எதுவும் சொல்லாமலிருக்க அந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரியாமல் இருப்பதே நல்லது.

பழைய கார்டுகளையெல்லாம் உட்கார்ந்து தட்டச்சு செய்யத் தேவையில்லை. நாட்பட்ட வருத்தக்காரர்கள் வர வர, அவர்களுடைய நோய்ப் பட்டியல், மருந்து, ஒவ்வாமை மூன்றையும் ஏற்றினால் ஆறு மாதத்தில் முக்கியமானவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். சளிக் காய்ச்சலுக்கு 2019இல் என்ன கொடுத்தோம் என்பது யாருக்கும் தேவைப்படாது.

கடைசியாகப் பேச வேண்டியதை விற்பனையாளர்கள் கடைசியில்கூடப் பேச மாட்டார்கள்: வெளியேறும் வழி. டவுனில் பின்னேரம் டிஸ்பென்சரி நடத்தும் டாக்டர்களில் பலர் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள். அவர்களுக்கு இடமாற்றம் வரும். டிஸ்பென்சரி கை மாறும், அல்லது மூடும். அன்றைக்கு அந்தப் பதிவுகள் யாருடையவை? ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும். தரவு டிஸ்பென்சரியுடையது, நிறுவனத்துடையது அல்ல. கேட்டால் முழுவதையும் வேறு மென்பொருள் வாசிக்கக்கூடிய வடிவில், மேலதிகக் கட்டணம் இல்லாமல், குறித்த நாட்களுக்குள் தர வேண்டும். வெறும் பிடிஎப் கட்டாகத் தந்தால் அது தந்ததாகாது. சந்தா நின்ற பிறகும் குறைந்தது சில மாதம் வாசிக்க மட்டுமாவது திறந்திருக்க வேண்டும், வருகிற லெட்சுமிக்கு அவருடைய மருந்துப் பட்டியலை அச்சடித்துக் கொடுக்க அந்த அவகாசம் தேவை.